கூபே என்றால் வெட்டப்பட்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே மறைந்துபோகிறாய் என்று கேட்ட நண்பர்களுக்கெல்லாம் இரண்டு ஆண்டுகளாகக் 'களப்பணி' என்றே விடையளித்து வந்தேன். அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. புனேயில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் பின்புறக் கொட்டகையில், 1966-ஆம் ஆண்டைச் சேர்ந்த இரு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை 'ஷூட்டிங் பிரேக்' ஆக மாற்றும் வேலையில் இருந்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. இதனை வாசிக்க நேரும் என் நெறியாளர் பொறுத்தருள வேண்டும். இன்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சொற்கள். ஷூட்டிங் பிரேக் என்றதும் என் துறைத் தோழி, "சுடுகிற பிரேக்கா?" என்று கேட்டாள். வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் இதற்கும் உறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பழக்கப்படாத குதிரைகளைப் பூட்டிப் பழக்குவதற்கென்று இருந்த கனத்த வண்டியின் பெயர் 'பிரேக்'. பின்னர் வேட்டைக்குச் செல்வோரையும் அவர்தம் துப்பாக்கிகளையும் நாய்களையும் ஏற்றிச் சென்ற திறந்த வண்டிக்கு 'ஷூட்டிங் பிரேக்' என்று பெயராயிற்று. மோட்டார் வந்தபின் பெயர் காருக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் பின்புறம் நீண்ட குடும்பக் காரை இன்றும் 'பிரேக்' என்றே வழங்குகின்றனர். 1960-களில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத் தலைவர் டேவிட் பிரவுன், தமது டிபி5 காரைத் தம் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ள, அதைக் கண்ட வாடிக்கையாளர்களுக்காக ஹரால்டு ராட்போர்டு என்னும் வண்டியுடல் பட்டறை ஏறத்தாழப் பன்னிரண்டு கார்களை அவ்வாறே செய்து தந்தது. ரிலையன்ட் சிமிட்டர் ஜிடிஇ 1968-இல் வந்தது. வோல்வோ 1800இஎஸ் காரின் பின்கதவு முழுக்கக் கண்ணாடி. அதனால் ஜெர்மானியர்கள் அதற்கு 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று பெயரிட்டனர். இரண்டு கதவுகள், தாழ்ந்து நீண்ட கூரை, பின்னால் சரக்குக்கு இடம்: இம்மூன்றும் சேர்ந்ததே ஷூட்டிங் பிரேக்.

இனி 'கூபே'. இரயிலில் இருவர் மட்டும் பயணிக்கும் முதல் வகுப்பு அறையைக் கூபே என்று நாம் அறிவோம். பிரெஞ்சில் அச்சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். நால்வர் எதிரெதிரே அமரும் பெரிய குதிரை வண்டியின் முன்னிருக்கைப் பகுதியை வெட்டி நீக்கினால் எஞ்சுவது கூபே. ஆக, கூபேயை ஷூட்டிங் பிரேக் ஆக்குவதென்பது, என்றோ ஒருநாள் வெட்டி எடுக்கப்பட்டதைத் திரும்பச் சேர்ப்பது. இந்தச் சொல் வரலாறு எனக்கு அளித்த மகிழ்ச்சியில்தான் இதற்குள் இறங்கினேன் என்று நினைக்கிறேன். மொழியியல் படித்தவர்களுக்குச் சுத்தியலைப் பிடிக்க இத்தகைய காரணம்தான் கிடைக்கும்.

வண்டி, வீட்டு உரிமையாளருடையது. எழுபத்தைந்தைக் கடந்த ஓய்வுபெற்ற பொறியாளர். மராத்தி முறைப்படி அவரைக் 'காக்கா' என்று அழைக்கிறேன். முதன்முறை தொலைபேசியில் "காக்கா கூப்பிடறார்மா, வெச்சுடறேன்" என்று சொன்னபோது திருச்சியில் என் அம்மா சற்று நேரம் பேசவேயில்லை.

காக்காவுக்கு ஹெரால்டு அவருடைய தந்தை வழிச் சொத்து. 1974-இல் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது சாலையோரத்தில் ஒரு சிமிட்டரைக் கண்டு, அதனருகில் அரைமணி நேரம் நின்றதாகச் சொல்வார். ஊர் திரும்பி வேலை, திருமணம், பிள்ளைகள். ஓய்வுக்குப் பின் அவர் மனம் விண்மீன்களின் பக்கம் திரும்பியது. தாமே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். ஆறு அங்குல ஆடி. குவியத் தொலைவு அதனைப் போல எட்டு மடங்கு. ஆகவே குழாயின் நீளம் நான்கு அடி. அந்தக் குழாயும் அதன் மரப்பீடமும் ஹெரால்டின் டிக்கிக்குள் அடங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக உறங்கிய ஆசைக்கு அந்நாளில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. துப்பாக்கிக்குப் பதில் தொலைநோக்கி. நாய்களுக்குப் பதில் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள்.

ஹெரால்டு இதற்கு வாய்ப்பான வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் அது. வடிவம் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டியுடையது. அக்காலத்துக் கார்கள் பலவும் அடிச்சட்டம் இல்லாத ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ட்ரையம்ப் அவ்வழியில் செல்ல இயலவில்லை. உடல் தகடுகள் செய்து தந்த பிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டிருந்தது. எனவே தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, வெவ்வேறிடங்களில் செய்த சிறு சிறு உடற்பகுதிகளை அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டினர். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடே வண்டியின் வரமாயிற்று. கூரை கூடப் போல்ட்டுகளில்தான் நிற்கிறது, கழற்றி எடுக்கலாம். அதனால் ஒரே அடிப்படையில் சலூன், கூபே, திறந்த கார், எஸ்டேட், சரக்கு வேன் என்று சில ஆண்டுகளுக்குள் எல்லாம் பிறந்தன. இந்திய ஹெரால்டு சென்னையில் உருவானது. காக்காவுடையது கண்டிப்பான பொருளில் கூபே அன்று, இரு கதவு சலூன். எனினும் கூரை மட்டுமே வேறுபாடு என்பதால், இலக்கணம் இவ்விடத்தில் சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறது.

2023 சூன் மாதம் கூரையைக் கழற்றினோம். நான்கு பேர் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். கூரையில்லாத அந்த வண்டி மழித்த தலைபோல் தெரிந்தது.

முதல் மாதிரியைக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்தோம். பக்கத்தில் நின்று பார்த்தால் அமரர் ஊர்தி. கூரை மட்டமாகச் சென்று பின்முனையில் செங்குத்தாக இறங்கியதுதான் காரணம். இரண்டாவது மாதிரியில் கூரையைப் பின்னோக்கித் தாழ்த்தினோம். உட்புற உயரம் போய்விட்டது. மூன்றாவதில் கூரைக்கோடு ஓட்டுநர் தலைக்குமேல் உச்சத்தை எட்டி, பின்னர் ஒரு கைப்பிடி அளவே தாழ்ந்தது, பின்கதவு சாய்ந்தது. ஷூட்டிங் பிரேக்குக்கும் பிணவண்டிக்கும் இடைப்பட்ட தொலைவு அந்த ஒரு கைப்பிடிதான். சட்டங்களுக்கு ஒட்டுப்பலகை, மேலே மெல்லிய தகடு, பக்கச் சன்னல்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் கனம் குறைந்த பாலிகார்பனேட். கனத்தைப் பற்றிய கவலைக்குக் காரணமுண்டு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசல்போல் ஆடும் அச்சுகளில் நிற்கின்றன. குறுக்கே ஒரே ஒரு பட்டைவில். பின்னால் பாரம் ஏறினால் இரு சக்கரங்களின் மேல்விளிம்புகளும் உள்நோக்கிச் சாயும். ஒவ்வொரு கிலோவும் அங்கே தெரியும்.

அவ்வாண்டு இறுதியில் இரண்டு தடைகள் ஒருசேர வந்தன.

ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அதுமட்டுமன்று, ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவதற்கு 2021-இல் வந்த விதிகள், வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், பெருமளவு மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்கின்றன. நீட்டிய கூரையோடு சாலைக்குச் சென்றால் பழம்பெருமையும் போகும், சாலையுரிமையும் போகும். காக்கா அந்த விதிகளை அச்சிட்டு, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். சட்டத்தைத் திட்டுவதற்காக அன்று. நாள்தோறும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

மற்றொன்று ஒரு தகடு. பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே குறுக்காக ஓடும் தகட்டுப் பாலம் அது. கூரைபோல் போல்ட்டில் நிற்பதன்று, உடலோடு பற்றவைக்கப்பட்டது. அதனை வெட்டினால்தான் இருக்கையிலிருந்து பின்கதவு வரை ஒரே சமதளம் கிடைக்கும். வெட்டிவிட்டால் பழைய கூரையைத் திரும்பப் பூட்டினாலும் வண்டி பழைய வண்டியாகாது. அறுக்கும் எந்திரத்தை அடுத்த தெரு டென்டரிடம் இரவல் வாங்கி வந்தோம். அது பிளக்கில் சொருகப்படாமல் ஆறு வாரங்கள் பலகைமேல் கிடந்தது. காக்கா தினமும் வருவார், சுண்ணக்கட்டியால் கோடு போடுவார், மறுநாள் அழிப்பார். "என் அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று ஒருநாள் கேட்டார். நான் விடை சொல்லவில்லை. எனக்கும் ஒரு கோடு போடப்பட்டு அழிந்துகொண்டிருந்தது. உதவித்தொகை முடிய ஓராண்டு இருந்தது. மூன்றாம் இயலை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு வேறு தரவோடு தொடங்குவதா என்று நானும் முடிவெடுக்காமல் கிடந்தேன்.

இவ்விடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிங்கரிங் வேலை செய்தவர். நெளிந்த தகட்டைப் பின்னால் டாலி வைத்து முன்னால் சுத்தியால் தட்டி நேராக்குவது அவர் தொழில். அந்த ஓசையிலேயே இடது காது போயிற்று. சிறுமியாக நண்பகல் உணவுத் தூக்குவாளியோடு பட்டறை வாசல் வரை செல்வேன், உள்ளே விடமாட்டார். "பாப்பா, பொறி கண்ணுல பட்டுரும், அங்கயே நில்லு" என்பார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வாசலில் நின்றவள் நான். முதுகலையில் மொழியியலைத் தேர்ந்ததற்கும், ஆய்வுப்பொருளாகப் பட்டறைப் பேச்சின் கடன்சொற்களை எடுத்ததற்கும் காரணம் அந்த வாசல்படிதான் என்பதை எந்த ஆய்வு முன்வரைவிலும் எழுதியதில்லை. நான் ஒரு காரைப் பிரித்துக்கொண்டிருப்பதை வீட்டிலும் சொல்லவில்லை.

2024 பிப்ரவரியில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள்கள் தங்கப் புனேவுக்கு வந்தனர். இரண்டாம் நாளே அப்பா கொட்டகையைக் கண்டுவிட்டார். அரைமணி நேரம் எதுவும் பேசாமல் வண்டியைச் சுற்றினார். விரல் நுனிகளால் தகடுகளைத் தடவினார். டிங்கர்கள் கண்ணால் பார்ப்பதில்லை. பின்பு என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத்தாள் தேய்த்துக் காய்த்த இடங்களைப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

காக்காவுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ தெரியாது. நான் மொழிபெயர்க்கத் தயாரானேன். தேவைப்படவில்லை. "டிக்கி?" என்றார் அப்பா, விரலைக் காட்டி. "டிக்கி, டிக்கி," என்று காக்கா தலையசைத்தார். "ஸ்டெப்னி?" "இதர்." "டேங்க்?" எரிபொருள் தொட்டி டிக்கியிலிருந்து முன்பே கழற்றப்பட்டதைக் காக்கா சைகையால் சொன்னார், அப்பாவின் முகம் தெளிந்தது. தொட்டி உள்ளே இருக்கையில் பொறி பறக்கவிடுபவர்களோடு அவர் பேசமாட்டார். பானட், ஆக்சில், பீடிங், பட்டி, வெல்டிங். ஒரு மணி நேரம் இரு முதியவர்களும் பெயர்ச்சொற்களை மட்டுமே வைத்து முழு உரையாடல் நிகழ்த்தினர்.

நான் ஓரமாக நின்று என் ஆய்வேடு நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். 'ஸ்டெப்னி' என்பது வேல்சின் லானெல்லி நகரத்து ஒரு தெருப் பெயர். மாற்றுச் சக்கரம் விற்ற கடை அங்கே இருந்தது. இங்கிலாந்தில் அச்சொல் வழக்கொழிந்தது. திருச்சியிலும் புனேயிலும் வாழ்கிறது. 'டிக்கி' ஒரு காலத்தில் வண்டிக்குப் பின்னால் இருந்த திறந்த இருக்கை. பெயர்ச்சொல்லை இருவரும் அப்படியே ஏற்றனர். வினையை மட்டும் அவரவர் மொழியிலிருந்து கொணர்ந்தனர். தமிழில் 'வெல்டிங் பண்ணு', மராத்தியில் 'வெல்டிங் கரணே'. ஓரிடத்தில்தான் பேச்சு முட்டியது: அப்பா 'டிங்கரிங்' என்றார், காக்கா 'டென்டிங்' என்றார். கையால் தட்டிக் காட்டியதும் இருவரும் சிரித்தனர். மூன்றாம் இயலில் நான் வினாநிரல் வைத்துத் தொகுத்த தரவுகள் ஏன் உயிரற்றுக் கிடந்தன என்பது எனக்கு அப்போது விளங்கியது. தனித்தனியாக உட்காரவைத்து 'இதற்கு என்ன சொல்வீர்கள்' என்று கேட்டிருந்தேன். ஒருவர் மற்றவரோடு வேலை செய்யும்போது என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

சுண்ணக்கட்டிக் கோட்டை அப்பா கடைசியில் பார்த்தார். அறுக்கும் எந்திரத்தையும் பார்த்தார்.

"இத எதுக்கு வெட்டணும்?" என்றார்.

சமதளம் வேண்டும், தொலைநோக்கிக் குழாய் கிடக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"எவ்வளவு நீளம்?"

"நாலடிப்பா."

"நீளந்தான? ஒசரம் எதுக்கு? இந்தத் தகட்டு மேலயே பலகையப் போட்டு, மேல படுக்க வைக்க முடியுமான்னு பாரு. கீழ டிக்கி டிக்கியாவே இருக்கட்டும்." சற்று நிறுத்திச் சொன்னார்: "வெட்டறது கடைசி வேலை பாப்பா. முதல் வேலை இல்ல."

காக்காவிடம் மொழிபெயர்த்தேன். அவர் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். குழாயின் விட்டம் எட்டங்குலம். பாலத்தின்மேல் பலகை போட்டாலும் புதிய கூரைக்குக் கீழே கையகல இடம் மிச்சமிருந்தது. மரப்பீடம் கீழே டிக்கிக்குள் போய்விடும். ஆறு வாரத் துயரம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அறுக்கும் எந்திரம் அன்று மாலையே உரியவரிடம் திரும்பிச் சென்றது.

நன்னூல் புணர்ச்சி விகாரங்களை மூன்றாக வகுக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். சேரும்போது ஒன்று புதிதாகத் தோன்றும், அல்லது ஒன்று மாறும், அல்லது ஒன்று அழியும். நாங்கள் இம்மூன்றிலேயே உழன்றுகொண்டிருந்தோம். எதுவும் மாறாமல் இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்கும் இயல்புப் புணர்ச்சி என்று ஒன்றும் இருக்கிறது என்பதை ஏட்டில் படித்த எனக்கு ஒரு டிங்கர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

எஞ்சிய எட்டு நாள்களும் அப்பா கொட்டகையில்தான் இருந்தார். ஊர் சுற்றிக்காட்டுவதாகச் சொன்ன நான் அம்மாவிடம் இன்றுவரை திட்டு வாங்குகிறேன். மெல்லிய தகட்டைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் சூட்டில் அப்பளம்போல் நெளியும். இங்கொரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அங்கொரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று தைக்க வேண்டும். டென்டர் பற்றவைக்க, அப்பா சுத்தி பிடிக்க, டாலியை உட்புறத்திலிருந்து தாங்கியவள் நான். வாசலில் நிறுத்தப்பட்டவள், முப்பதை நெருங்கும் வயதில், உள்ளே இருந்தேன். "அழுத்தாத, சும்மா தாங்கு," என்பதுதான் அவர் எனக்களித்த ஒரே பாடம். தகட்டுக்குப் பின்னால் அவர் அடி விழும் ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டில் அதிர்ந்தது.

புதிய கூரை பழைய போல்ட்டுத் துளைகளிலும் டிக்கி மூடியின் துளைகளிலும்தான் உட்காருகிறது. வண்டியில் புதிதாக ஒரு துளை கூட இடவில்லை. பின்கதவின் இரப்பர் விளிம்புக்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது. நீண்ட உடல் கொண்ட வண்டியில் பின்கதவு சரியாக மூடாவிட்டால், ஓடும்போது பின்னால் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு புகைக்குழாய்ப் புகையை உள்ளே இழுத்துவிடும். நாற்பது மீட்டர் ஓடுவதற்கு இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டும் என்பார் காக்கா.

ஆம், நாற்பது மீட்டர்தான். சாலைக்குச் செல்லும்போது ஹெரால்டு பழைய கூரையோடும் பழைய டிக்கி மூடியோடும் செல்கிறது. பதிவுச் சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஷூட்டிங் பிரேக் எங்கள் சுற்றுச்சுவருக்குள் மட்டும் வாழ்கிறது. கூரை மாற்ற நால்வருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை அதனைப் பூட்டினோம். குழாய் பலகைமேல் கிடந்தது, பீடம் கீழே. காக்கா வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து, மாமரத்தைச் சுற்றி, முற்றத்தின் மறுமுனையில் நிறுத்தினார். ஐம்பது ஆண்டு காத்திருந்த பயணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று சனியைப் பார்த்தனர். வளையங்கள் அந்த ஆண்டு நம் பார்வைக்கோட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்ததால் மெல்லிய கோடாகவே தெரிந்தன. "இவ்வளவுதானா?" என்றான் ஒரு சிறுவன். காக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவன் கையைப் பிடித்து மறுபடியும் பார்க்கச் சொன்னார்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வு மாணவர்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்டே பழகியவர்கள். நமக்கே அதை யாராவது நாள்தோறும் கேட்கின்றனர். என்னிடம் பெரிய விடை இல்லை. மூன்றாம் இயலை நான் வெட்டி எறியவில்லை. பழைய தரவு கீழே அப்படியே இருக்கிறது. வேலை நடக்கும்போது பதிவுசெய்த உரையாடல்களை அதன்மேல் பலகையாகப் போட்டேன். ஐந்தாம் முறை அது திரும்பி வரவில்லை. நன்றியுரையில் இரண்டு பெயர்கள் கூடுதலாக இருக்கும்; ஒருவர் மராத்திக்காரர், மற்றவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

இந்தச் சூனில் மழை தொடங்கிய அன்று அப்பா தொலைபேசியில் அழைத்தார். வலது காதில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் உரக்கக் கேட்டார்: "பாப்பா, கூரை ஒழுகுதா?"

கொட்டகைக்குச் சென்று பார்த்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த புதிய கூரையின் இடது பின்மூலையில், பீடிங்குக்கு அடியில், ஈரம் தெரிந்தது. சொன்னேன். மறுமுனையில் அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"தீபாவளிக்கு அப்புறம் வரேன்," என்றார். "அதுவரைக்கும் யாரையும் கை வைக்க விடாத."